பிரெட் மெஷின் கடிகாரத்தைத்தான் பார்க்கும்

வீட்டில் சுட்ட பிரெட் சரியாக வராமல் போனால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஈஸ்ட் பழசு, மாவு மட்டம், ஓவன் சின்னது. உண்மையில் பெரும்பாலான கோளாறுகள் மூன்று இடங்களிலிருந்துதான் வருகின்றன: தண்ணீர் எவ்வளவு, பிசைந்த மாவின் சூடு எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் பொங்கவிட்டோம். கையால் பிசைந்தாலும், பிசைவது, பொங்கவிடுவது, சுடுவது மூன்றையும் ஒரே பாத்திரத்தில் செய்யும் பிரெட் மெஷினில் போட்டாலும் இவை மாறுவதில்லை. மாறுவது ஒன்றுதான். கையால் செய்பவர், மாவு இன்னும் பொங்கவில்லை என்று தெரிந்தால் அரை மணி நேரம் கூடுதலாக விட்டுவிடுவார். மெஷின் விடாது. மாவு பொங்கியதா இல்லையா என்பது பெரும்பாலான மெஷின்களுக்குத் தெரியவே தெரியாது. நேரம் வந்ததும் ஹீட்டரைப் போட்டுவிடும். அதனால் மெஷினில் சுடுகிறவர் தன் கவனத்தை ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பும், அழுத்திய பின் வரும் முதல் பத்து நிமிடத்திலும் செலவழித்துவிட வேண்டும்.

அடிப்படை அளவு ஒன்றை வைத்துக்கொண்டு பேசலாம். மைதா 500 கிராம், தண்ணீர் 310 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் அல்லது வெண்ணெய் 20 கிராம். பேக்கரிக்காரர்கள் இதைச் சதவீதத்தில்தான் சொல்வார்கள். மாவை 100 என்று வைத்தால் தண்ணீர் 62, உப்பு 1.8, ஈஸ்ட் 1, சர்க்கரை 3, கொழுப்பு 4. இந்தக் கணக்கு பழகிவிட்டால் எந்தச் செய்முறையைப் படித்தாலும் அது எப்படி வரும் என்று பாதி தெரிந்துவிடும். தண்ணீர் 55 சதவீதம் என்றால் மாவு கல்லாக இருக்கும். 75 என்றால் கையில் ஒட்டிக்கொண்டு படுத்தும். உப்பு 3 என்று எழுதியிருந்தால் அது அச்சுப்பிழை.

கப் அளவை நம்ப வேண்டாம். ஸ்பூனால் அள்ளி மெதுவாக நிரப்பினால் ஒரு கப்பில் 120 கிராம் மாவு பிடிக்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். நான்கு கப்புக்கு 120 கிராம் வித்தியாசம். அதே 310 கிராம் தண்ணீர் ஒருநாள் 65 சதவீதமாகவும் மறுநாள் 52 சதவீதமாகவும் ஆகிவிடும். பிறகு "போன வாரம் நன்றாக வந்தது, இந்த வாரம் வரவில்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும். தண்ணீரையும் தராசிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள், ஒரு மில்லி ஒரு கிராம்தான். ஆனால் சாதாரணச் சமையலறைத் தராசுகள் 5 கிராமுக்குக் கீழே தடுமாறும். ஈஸ்ட்டையும் உப்பையும் அதில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு நிறுத்தால் அளவு பிசகும். 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு இல்லையென்றால் இந்த இரண்டுக்கு மட்டும் டீஸ்பூன் பரவாயில்லை: தட்டி நிரவிய ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சுமார் 3 கிராம், தூள் உப்பு சுமார் 6 கிராம். கல்லுப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மாவைப் பற்றி

பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். பிரெட்டுக்கு 11 முதல் 13 கிராம் இருந்தால் நல்லது. 10 கிராம் உள்ள மாவிலும் பிரெட் வரும். உயரம் கொஞ்சம் குறையும், துண்டு போடும்போது உதிரும். மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர்; குளூட்டன் பவுடர் கிடைத்தால் அதைச் சரிக்கட்டலாம். அந்தப் பவுடரில் ஏறத்தாழ 75 சதவீதம் புரதம். 10 சதவீதம் உள்ள 500 கிராம் மாவை 12 சதவீதத்துக்கு ஏற்ற 16 கிராம் பவுடர் போதும். அதை உலர் மாவோடு நன்றாகக் கலந்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தனியாக ஈரத்தில் விழுந்தால் ரப்பர் கட்டியாகிவிடும். அந்த 16 கிராமுக்கு 25 கிராம் தண்ணீர் கூடுதலாக விடுங்கள்.

முழுக்கோதுமை மாவில் புரத எண் ஏமாற்றும். தவிட்டிலும் முளையிலும் உள்ள புரதமும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கும், ஆனால் அது குளூட்டன் ஆவதில்லை. போதாக்குறைக்கு, தவிட்டின் கூரான துகள்கள் பிசைந்து உருவான குளூட்டன் வலையை அங்கங்கே அறுக்கும். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் நிறைய இழுக்கும். எனவே முழுக்கோதுமைக்குத் தண்ணீர் 70 முதல் 75 சதவீதம் தேவை. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு அப்புறம் பிசையத் தொடங்கினால் பாதி வேலை தானாக முடிந்திருக்கும். உப்பும் ஈஸ்ட்டும் இல்லாமல் இப்படி ஊறவைக்கும் முறையை முறைப்படுத்தியவர் பிரெஞ்சு பேக்கரி ஆசான் ரேமோன் கால்வெல். மைதாவுக்கும் இது பலன் தரும், 20 நிமிடம் போதும். 100 சதவீதம் முழுக்கோதுமையில் கடையில் வாங்கும் வெள்ளை பிரெட்டின் மென்மையை எதிர்பார்ப்பது வீண். பாதிக்குப் பாதி கலந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஈஸ்ட்டில் கடைகளில் மூன்று வகை கிடைக்கும். இன்ஸ்டன்ட் வகையை நேராக மாவில் கலக்கலாம். ஆக்டிவ் ட்ரை வகையைக் கையில் விட்டால் இளஞ்சூடு தெரிகிற, 40 டிகிரி செல்சியஸ் அளவுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். இன்ஸ்டன்ட் 3 கிராம் என்ற இடத்தில் ஆக்டிவ் ட்ரை 4 கிராம், ஃப்ரெஷ் ஈஸ்ட் என்றால் 9 கிராம். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சந்தேகம் வந்தால் 100 மில்லி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை எழும்பவில்லையென்றால் அதைத் தூக்கிப் போடலாம். "சர்க்கரை இல்லாமல் ஈஸ்ட் வேலை செய்யாது" என்று பரவலாகச் சொல்வது சரியல்ல. மாவிலுள்ள அமைலேஸ் நொதி ஸ்டார்ச்சை மால்டோஸாக உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஈஸ்ட்டுக்கு அது போதும். சர்க்கரை நிறத்துக்கும் சுவைக்கும்தான். 10 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈஸ்ட்டிடமிருந்து தண்ணீரை இழுத்து அதன் வேகத்தையே குறைத்துவிடும்.

பால் சேர்ப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பாலில் தண்ணீர் 87, 88 சதவீதம்தான். 310 கிராம் தண்ணீருக்குப் பதில் பால் என்றால் 350 கிராம் ஊற்ற வேண்டும். பச்சைப் பாலை அப்படியே விட்டால் அதிலுள்ள வே (whey) புரதம் மாவைத் தளர்த்திவிடும். காய்ச்சி ஆறவைத்து ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

சூட்டுக் கணக்கு

செய்முறைகளில் அதிகம் தப்பாக இருப்பது இந்த இடம். "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் 18 டிகிரி உள்ள சமையலறையில் எழுதியதை, 32 டிகிரியில் வியர்த்துக்கொண்டு செய்கிறவரும் அப்படியே பின்பற்றுவார். அவருடைய மாவு அரை மணி நேரத்தில் பொங்கி வழியும், புளித்த வாடை வரும், ஓவனில் அமுங்கும்.

பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூடு, மாவின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் வருவதுதான் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு. கையால் பிசைந்தால் ஏறுவது சுமார் 3 டிகிரி. அறையும் மாவும் 31 டிகிரி என்றால் 78-இல் 65 போக 13 டிகிரி. ஃப்ரிட்ஜ் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலந்தால் கிடைக்கும். அறை 18 டிகிரி என்றால் 39 டிகிரி. அப்போது வெதுவெதுப்பு சரி. மெஷினில் மோட்டாரின் சூடும், மூடிய பெட்டிக்குள் இருபது நிமிடத்துக்கு மேல் பிசையும் உராய்வும் சேர்ந்து இன்னும் சில டிகிரி ஏற்றும். வெயில் காலத்தில் நேராக ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றுங்கள், ஈஸ்ட்டையும் 5 கிராமிலிருந்து 4-க்குக் குறையுங்கள். ஒரே எச்சரிக்கை: உலர்ந்த ஈஸ்ட் சில்லென்ற தண்ணீரை நேராகத் தொட்டால் அதன் செல்கள் பழுதாகி மாவைப் பிசுபிசுப்பாக்கும். முதலில் மாவோடு கலந்துவிட்டால் பயமில்லை. மறுபக்கம், தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்தே போகும்.

ஏறத்தாழ எட்டு முதல் பத்து டிகிரி கூடினால் நொதிக்கும் வேகம் இரட்டிப்பாகும். செய்முறையில் போட்டிருக்கும் "ஒரு மணி நேரம்" என்பதை எவ்வளவு நம்பலாம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கையால் பிசைவது

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் கலந்து, உலர்ந்த மாவு தெரியாதபடி சேர்த்து, 20 நிமிடம் மூடி வைக்கவும். பிறகு மேடையில் கொட்டி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முன்னே தள்ளி நீட்டி, மடித்து, கால் வட்டம் திருப்பி மறுபடி தள்ளவும். முதல் நான்கு நிமிடம் மாவு கையிலும் மேடையிலும் ஒட்டும். இங்கேதான் எல்லோரும் உலர்ந்த மாவை அள்ளித் தூவுகிறார்கள். தூவக் கூடாது. நிறுத்து ஊற்றிய 62 சதவீதம் தூவத் தூவ 56-க்கு வந்துவிடும், அதன் பலன் மறுநாள் வரட்டி மாதிரியான பிரெட். ஒட்டினால் ஸ்க்ரேப்பரால் வழித்துச் சேருங்கள், கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஆறாவது நிமிட வாக்கில் மாவு மேடையை விட்டு விலகத் தொடங்கும். அப்போது மெத்தென்ற வெண்ணெயைத் தடவிச் சேர்த்தால், ஒரு நிமிடம் எல்லாம் பிரிந்துபோன மாதிரி வழுக்கும். விடாமல் பிசைந்தால் மறுபடி கூடிவரும். மொத்தம் பத்து, பன்னிரண்டு நிமிடம்.

போதுமா என்று பார்க்க, எலுமிச்சை அளவு கிள்ளி எடுத்து இரண்டு கை விரல்களாலும் நான்கு பக்கமும் மெல்ல இழுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னாலிருக்கும் விரலின் நிழல் தெரிகிற அளவுக்குக் கிழியாமல் விரிய வேண்டும். கிழிந்த ஓரம் ரம்பம் மாதிரி இருந்தால் இன்னும் பிசைய வேண்டும். முழுக்கோதுமையில் இந்த அளவுக்கு மெல்லிசாக வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம். கையால் பிசைந்து மாவைக் கெடுத்துவிட முடியாது. கை வலித்து நிறுத்திவிடுவோம்.

பிசையவே முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: தண்ணீரை 68 சதவீதம் ஆக்கி, கலந்து வைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஓரத்தையும் இழுத்து நடுவில் மடிக்கவும். நான்கு முறை செய்தால் மாவு பிசைந்ததற்கு ஈடாக உறுதியாகும். நேரம்தான் குளூட்டனைக் கட்டுகிறது, கை ஓரளவுதான்.

முதல் பொங்கலுக்கு நேர் சுவருள்ள டப்பா நல்லது. மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டால் இரட்டிப்பானதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. 26 டிகிரியில் 60 முதல் 90 நிமிடம் ஆகும். பிறகு காற்றை அழுத்தி வெளியேற்றி, டின்னின் நீளத்துக்குச் செவ்வகமாகத் தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பைக் கிள்ளி மூடி, மடிப்பு அடியில் இருக்கும்படி டின்னில் வையுங்கள். சுருட்டும்போது உள்ளே உலர்ந்த மாவு தூவினால் அந்த இடம் ஒட்டாது. வெட்டும்போது சுருளாகப் பிரியும், அல்லது மேல்தோலுக்குக் கீழே குகை மாதிரி ஓட்டை இருக்கும்.

டின் அளவு பலர் யோசிக்காத விஷயம். டின்னில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்து, வந்த கிராமை 2.3-ஆல் வகுத்தால் அதில் போட வேண்டிய பிசைந்த மாவின் எடை கிடைக்கும். மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவு மொத்தம் சுமார் 860 கிராம்; அதற்கு 2 லிட்டர் டின் சரி. அதே மாவைப் பெரிய டின்னில் போட்டுவிட்டு உயரவில்லை என்று ஈஸ்ட்டைக் குறை சொல்லக் கூடாது.

இரண்டாவது பொங்கலில் மாவின் நடு முகடு விளிம்புக்கு மேலே 2 சென்டிமீட்டர் வந்ததும் ஓவனுக்குத் தயார். ஈரமான விரலால் ஒரு சென்டிமீட்டர் அழுத்துங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி நிரம்பினால் இதுதான் நேரம். குழி அப்படியே நின்றால் தாண்டிவிட்டது. அந்த நிலையில் ஓவனில் வைத்தால் அமுங்கும். தாண்டியதை வீணாக்க வேண்டாம், வெளியே எடுத்து மறுபடி உருட்டி, மறுபடி பொங்கவிடலாம். ஒருமுறை தாங்கும்.

மெஷினில்

மட்சுஷிதா நிறுவனம் 1980-களில் ஜப்பானில் வீட்டுப் பிரெட் மெஷினை உருவாக்கியபோது, பிசைதல்தான் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. அந்தக் குழுவில் மென்பொருள் பகுதியைப் பார்த்த இகுகோ தனகா, ஓசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய்ப் பயின்றார். அந்த பேக்கர் மாவை வெறுமே அமுக்காமல், இழுத்து முறுக்குகிறார் என்று தனகா கண்டுகொண்டார். அந்த அசைவைக் கொண்டுவரத்தான் பாத்திரத்தின் உட்சுவரில் மேடுகள் வைத்தார்கள். உங்கள் மெஷின் பாத்திரத்திலும் சுவரில் அப்படி வரம்புகளோ மடிப்புகளோ இருக்கும். ப்ளேடு மாவைச் சுழற்ற, சுவரின் மேடு அதைப் பிடித்து நிறுத்த, நடுவே மாவு இழுபடுகிறது. மாவு மிகவும் காய்ந்திருந்தால் ப்ளேடோடு சேர்ந்து சும்மா உருளும். மிகவும் ஈரமாக இருந்தால் சுவரில் பூசிக்கொள்ளும். பாத்திரத்தின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போட்டால் மாவு சுவரையே எட்டாது. மூன்றிலும் பிசைதல் நடப்பதில்லை, மோட்டார் மட்டும் ஓடும்.

எனவே ஸ்டார்ட் அழுத்தியதும் நகர்ந்துவிடாதீர்கள். (சில மெஷின்கள் முதல் அரை மணி நேரம் பொருட்களை ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவதற்காக அசையாமல் இருக்கும். பழுது என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம்.) பிசைதல் தொடங்கி மூன்று நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து, மூலைகளில் ஒட்டியிருக்கும் மாவை ரப்பர் கரண்டியால் நடுவே தள்ளுங்கள். உலோகக் கரண்டி கூடாது, பூச்சு போய்விடும். ஐந்தாவது நிமிடத்தில் உருண்டை சேரத் தொடங்கும். எட்டாவது நிமிடத்தில் தீர்ப்பு சொல்லலாம்.

சரியான மாவு ஒரே உருண்டையாக இருக்கும், சுவரைத் துடைத்து எடுத்திருக்கும், ப்ளேடுக்குக் கீழே மட்டும் சின்ன வால் அடியில் ஒட்டி இழுபடும். விரலால் தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்கும். விரல் லேசாக ஒட்டும், ஆனால் சுத்தமாக வந்துவிடும். காய்ந்த மாவைக் கண்ணுக்கு முன்னால் காதே கண்டுபிடிக்கும்: இரண்டு மூன்று கட்டிகள் சுவரில் மோதி டக் டக் என்று சத்தம் வரும், மெஷினே மேடையில் நடுங்கும். அப்போது ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, ஒரு முழு நிமிடம் காத்திருந்து, பிறகு அடுத்தது. அவசரப்பட்டு இரண்டு ஸ்பூன் ஊற்றினால் உருண்டை வழுக்கிக்கொண்டே சுற்றும். ஈரமான மாவு உருண்டையாகாமல் அடியில் சேறு மாதிரி பரவும். ஒரு டேபிள்ஸ்பூன் மாவு தூவி அதே மாதிரி ஒரு நிமிடம் பொறுங்கள். வெண்ணெய்த் துண்டுகள் இன்னும் கரையாமல் தெரிந்தால் தீர்ப்பைத் தள்ளிப்போடுங்கள், கரைந்ததும் மாவு இளகும். முழுக்கோதுமை எட்டாவது நிமிடத்தில் கொஞ்சம் அதிகமாகவே பிசுபிசுப்பாக இருப்பதுதான் சரி. அது போகப் போக இழுத்துக்கொள்ளும்.

பொருட்களைப் போடும் வரிசையைப் பற்றிக் கையேடுகள் சண்டை போடும். சிலவற்றில் தண்ணீர் முதலில், சிலவற்றில் ஈஸ்ட் அடியில் போட்டு மேலே மாவு, கடைசியில் தண்ணீர். எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்: பிசையத் தொடங்கும்வரை ஈஸ்ட் நனையக் கூடாது. உடனே ஓடவிட்டால் வரிசை பெரிய விஷயமே இல்லை. இரவில் டைமர் வைத்துக் காலையில் எழும்போது பிரெட் வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது உயிர்நாடி. நனைந்த ஈஸ்ட் இரவெல்லாம் உழைத்துக் களைத்துவிடும். டைமரில் பாலும் முட்டையும் சேர்க்காதீர்கள், கெட்டுவிடும். பால் பவுடர் போடலாம்.

மெஷின் பிரெட்டின் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். மேலே பள்ளம் விழுந்து நடுவில் அமுங்கியிருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது சூடு அதிகம், அல்லது ஈஸ்ட் அதிகம். அடுத்த முறை மூன்றையும் ஒரேசமயத்தில் மாற்றாதீர்கள். தண்ணீரில் 15 கிராம் குறைத்துப் பாருங்கள். காளான் குடை மாதிரி விளிம்பைத் தாண்டி விரிந்திருந்தால் ஈஸ்ட்டில் கால் பங்கு குறைக்கவும். மேல் பரப்பு கரடுமுரடாக, முண்டும் முடிச்சுமாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. மேலே மாவு வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தால் மூலையை வழிக்க மறந்திருக்கிறோம். குட்டையாகக் கனத்து இருந்தால்? உப்பு இருமடங்கு விழுந்ததா, ஈஸ்ட் விட்டுப்போனதா, ப்ளேடைப் பொருத்த மறந்தோமா என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றாவது, நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். உப்பை அடியோடு விட்டுவிட்டால் நேரெதிர்: மாவு தளர்ந்து, தறிகெட்டுப் பொங்கி விழும், சாப்பிட்டால் சப்பென்று இருக்கும்.

அடியில் ப்ளேடு விட்டுச்செல்லும் ஓட்டை சிலருக்குப் பெரிய குறை. கடைசியாக மாவை அமுக்கிச் சுழற்றும் கட்டம் எப்போது முடிகிறது என்று கையேட்டின் நேர அட்டவணையில் பார்த்து, அப்போது ஈரக் கையால் மாவைத் தூக்கி, ப்ளேடைக் கழற்றிவிட்டு, மாவை உருட்டித் திரும்ப வைத்துவிடலாம். அச்சின் தடம் மட்டும் சின்னதாக இருக்கும். ப்ளேடு அச்சில் சிக்கிக்கொண்டால் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் கழன்றுவிடும். பாத்திரத்தையே தண்ணீரில் மூழ்கவைத்துக் கழுவக் கூடாது. அடியிலுள்ள அச்சின் சீல் கெட்டு, பிறகு பிசையும்போது தண்ணீர் கசியும்.

சுட்டு முடிந்த ஒலி கேட்டதும் எடுத்துவிடுங்கள். சூடாக வைத்திருக்கும் வசதி ஒரு மணி நேரம் ஓடும் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிரெட்டின் ஆவி பாத்திரச் சுவரில் பட்டுப் பக்கங்கள் சவசவத்துவிடும்.

மெஷினை வாங்கிவிட்டுச் சலித்துப்போனவர்களுக்கு ஒரு வழி: முழு புரோகிராமை மறந்துவிடுங்கள். பிசைந்து பொங்கவிடுவதோடு நின்றுவிடும் மாவு (Dough) புரோகிராமை மட்டும் ஓடவிடுங்கள். முடிந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். பொங்கியிருந்தால் எடுத்து உருட்டி டின்னில் வைத்து ஓவனில் சுடுங்கள். ஓவன் இல்லையென்றால் ப்ளேடைக் கழற்றிவிட்டு அதே பாத்திரத்தில் வைத்து, மெஷினை அணைத்துவிட்டு, மாவு பாத்திரத்தின் முக்கால் உயரத்தைத் தாண்டும்வரை காத்திருந்து, சுடுவதற்கு மட்டும் உள்ள புரோகிராமை 50 நிமிடத்துக்குப் போடுங்கள். பிசைவது மெஷின், எப்போது சுடுவது என்று முடிவெடுப்பது நீங்கள். எந்தப் புரோகிராம் எண்ணை அழுத்துவது என்ற கேள்விகளில் பாதி இதோடு தீர்ந்துவிடும்.

ஓவன், அதற்குப் பிறகு

190 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 170. குமிழில் உள்ள எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது பல டின்கள் வாங்குவதைவிட உபயோகம். முன்சூட்டு விளக்கு அணைந்த பிறகும் கால் மணி நேரம் விடுங்கள், காற்று சூடாகியிருக்கும், சுவர் ஆகியிருக்காது. சிறிய ஓவன்களில் டின்னைக் கீழ்த் தட்டில் வைக்கவும். மேல் கம்பிக்கு அருகில் முகடு போய்விட்டால் 15 நிமிடத்தில் கருகும். 20 நிமிடம் கழித்து நிறம் ஏறியிருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போடுங்கள். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம், பிரெட்டின் கடைசி எழுச்சி அப்போதுதான்.

வெந்ததா என்பதை நிறம் சொல்லாது. நடுவில் குத்தும் தெர்மாமீட்டர் 94, 95 டிகிரி காட்டினால் வெந்தது. அடியைத் தட்டினால் கலகலவென்ற வெற்றொலி வரும் என்பார்கள். டின்னில் சுட்ட மெத்தென்ற பிரெட்டுக்கு அந்தச் சோதனை அவ்வளவு நம்பகமில்லை. எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் டின்னை விட்டு வெளியேற்றிக் கம்பித் தட்டில் வையுங்கள். பக்கங்கள் உள்வாங்கினால் ஒன்று வேகவில்லை, அல்லது டின்னிலேயே விட்டுவிட்டோம். வெளிறிப்போய்த் தட்டையாக வந்தால் அதிகம் பொங்கிவிட்டது, நிறம் கொடுக்க வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிட்டது. ஒரு பக்கம் கிழிந்து பிளந்திருந்தால் போதுமான அளவு பொங்கவில்லை. அடியில் மட்டும் பிசுக்கென்ற கனமான கோடு தெரிந்தால் பொங்கல் குறைவு, அல்லது சூட்டோடு வெட்டிவிட்டோம். குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆறவிட வேண்டும். உள்ளே ஸ்டார்ச் இறுகாமல் கத்தி பட்டால் நன்றாக வெந்த பிரெட்கூடப் பச்சை மாவு மாதிரி அமுங்கும்.

இரண்டாம் நாளும் மெத்தென்று இருக்க வேண்டுமானால், 500 கிராம் மைதாவில் 25 கிராமை எடுத்து 125 கிராம் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டி 65 டிகிரிக்குக் கூழாக்கி, ஆறவைத்துச் சேருங்கள். அந்தத் தண்ணீரை 310-இல் கழித்துக்கொள்ளலாம். வெந்த ஸ்டார்ச் இழுத்த தண்ணீரை எளிதில் விடாது. அடுப்பில் ஆவியாகும் தண்ணீருக்காக 15, 20 கிராம் கையில் வைத்திருங்கள்.

ஃப்ரிட்ஜில் பிரெட் வைக்காதீர்கள். ஸ்டார்ச் மறுபடி படிகமாகி இறுகும் வேலை அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். இரண்டு நாளுக்குள் முடிந்துவிடும் என்றால் வெளியே, மூடிய டப்பாவில். இல்லையென்றால் ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய துண்டுகளை நேராக டோஸ்டரில் போடுங்கள்.

வெயிலும் ஈரமும் சேர்ந்த நாட்களில் பூஞ்சையைத் தவிர இன்னொன்றும் வரும். வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டினால் நடுவில் பழுப்பாக, அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை, பிய்த்தால் மெல்லிய நூல் இழுபடும். பேசில்லஸ் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் மாவோடு வந்து, 95 டிகிரி வேக்காட்டையும் தாங்கி, மறுநாள் வெதுவெதுப்பில் முளைப்பதால் வருவது இது. டோஸ்ட் செய்து தின்னலாம் என்று நினைக்க வேண்டாம், முழுவதையும் எறியுங்கள். டின், டப்பா, மேடை, கத்தி எல்லாவற்றையும் வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். வெயில் தணியும்வரை 500 கிராம் மாவுக்கு 5 கிராம் வினிகர் சேர்த்துப் பிசையுங்கள், சுவையில் தெரியாது. சுட்ட பிரெட்டை நன்றாக ஆறவிட்டுப் பிறகே மூடுங்கள்.